சாய்கோடு

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாசில் பஸ் பிடித்து
பீச் ஸ்திரீட் மூன்றாம் மாடிக்கு
ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்
நான்காவது பயனர்.
அவர் நேரத்துக்கு விலை எண்பது ரிங்கிட் வவுச்சர்,
கூடவே ஒரு மைலோ.

"சோதிக்கப்போவது உங்களையில்லை, செயலியைத்தான்.
மனசில் பட்டதை வாய்விட்டுச் சொல்லுங்க.
தப்புன்னு எதுவும் கிடையாது."
எல்லோரிடமும் ஒப்பிக்கும் வரிகள்.
தலையாட்டினார்.
தப்பு பார்ப்பதுதான் அவர் வேலை என்று
எனக்கு அப்போது தெரியாது.
நுண்ணோக்கிக்கு அடியில்
ராத்திரி முழுக்கச் சில்லுகள்;
முடி அகலக் கீறலுக்கும் கழித்துவிடுவாராம்.

திரை திறந்த கையோடு
"இந்தப் பட்டன் ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கே" என்றார்.
அளந்து பார்த்தேன். இரண்டு பிக்சல்.
ஆறு பேர் மூன்று வாரம் பார்த்த பட்டன்.

கிளினிக் முன்பதிவு.
முதல் கட்டம்: முழுப்பெயர், ஐசியில் உள்ளபடி.
ஐசியை எடுத்து மேசையில் வைத்து
ஒற்றை விரலால் தட்டினார்:
ஞானசுந்தரி ஏ/பி தண்ணீர்மலை.

சிவப்பு.
செல்லாத எழுத்து.

அழித்தார். தட்டினார்.
சிவப்பு.
எழுத்தெழுத்தாக ஐசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்,
சில்லைப் பார்ப்பதுபோல.
வாய்விட்டுச் சொல்லச் சொல்லியிருந்தேன்.
சொன்னார்:
"என் தப்புதான் போல."

என் பையிலும் ஒரு ஐசி.
அதிலும் அதே கோடு,
எனக்கும் அப்பாவுக்கும் நடுவே சாய்ந்தபடி.
வங்கி, விமான டிக்கெட், பல்கலைக்கழக பாரம்,
எங்கெங்கோ சிவப்பு காட்டியதில்
எப்போது விழுங்கப் பழகினேனோ.
வயர்ஃபிரேமில் நான் படைத்த பயனர் பெயர் சாரா,
இருபத்தொன்பது வயது, தஞ்சோங் தோக்கோங்,
ஒரு பூனை, ஒரு யோகா பாய்.
அப்பா இல்லாமலே பிறந்தவள்.

கோட்டை விட்டுத் தட்டினார். பச்சை.
அடுத்து, குடும்பப் பெயர். கட்டாயம்.
அவருக்கு ஏது, எனக்கு ஏது?
தண்ணீர்மலையைப் போட்டார்.
வெளியேறி மறுபடி நுழையச் சொன்னேன்,
அது இரண்டாவது பணி.

மீண்டும் வருக, தண்ணீர்மலை!

சிரித்துவிட்டார். மைலோ சிந்தியது.
"நான் ஆறாம் ஆண்டு படிக்கறப்போ
பட்டர்வொர்த்துக்குப் போறேன்னு
ஃபெரி ஏறினாரு.
இன்னிக்குத்தான் வந்திருக்காரு."

குறிப்பில் இதை
எந்த நிறத்து ஒட்டுத்தாளில் எழுதுவது?

மதியக் கூட்டம்.
"எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?
விளிம்பு நிலைதானே" என்றாள் ஹுய் லிங்,
கெட்ட எண்ணத்தில் இல்லை, அட்டவணையைப் பார்த்தபடி.
பின் என்று எழுதினால் போகிறதே என்று
தன் பெயரைத் தட்டிக் காட்டினான் ஃபைசால்.
போகத்தான் செய்தது. அதில் கோடு இல்லை.
"சரி, இந்த விதியை யார் கொடுத்தது?"
பழைய ஆவணத்தைத் தேடித் திறந்தான்.
'எழுத்துகளும் இடைவெளியும் மட்டும்.'
கீழே என் பெயர்,
கோடில்லாமல்.

விதியில் சேர்த்தது ஒரே ஒரு குறி.
ஃபைசாலுக்கு நான்கு நிமிடம்.
வெளியீட்டுக் குறிப்பில்
'சிறு மேம்பாடுகள்' என்று போட்டோம்.
வாழ்த்து வரி அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போனது,
அதற்கடுத்த ஸ்பிரிண்டுக்கும்.
அதுவரை தண்ணீர்மலை
மகள் திறக்கும் போதெல்லாம் வந்துகொண்டிருப்பார்.

வெளியான இரவு
ஜெலுத்தோங்கில், பஸ் நிறுத்தத்தில், மழைக்கு ஒதுங்கி
என் பெயரையே போட்டுப் பார்த்தேன்.
பச்சை.
சந்தோஷமாகத்தான் இருந்தது,
என்ன தட்டினேன் என்று பார்க்கும்வரை.
கட்டைவிரல் பழக்கத்தில்
கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.